வேரா, கனியா: விசுவாசமும் கிரியையும் பற்றிய நீண்ட வழக்கு

இரட்சிப்பு விசுவாசத்தினால் வருகிறதா, கிரியைகளினால், அதாவது மனிதர் செய்யும் செயல்களினால், வருகிறதா என்ற வழக்கில் இரு தரப்பாரும் சாட்சிக்கு அழைப்பது ஒரே வேதாகமத்தைத்தான். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் பவுல், “மனுஷன் நியாயப்பிரமாணத்தின் கிரியைகளில்லாமல் விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுகிறான்” என்று தீர்த்துச் சொல்கிறார். யாக்கோபின் நிருபமோ தன் இரண்டாம் அதிகாரத்தில், “மனுஷன் விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான்” என்கிறது. வினைச்சொல் இரண்டிலும் ஒன்றே. இருவரும் எடுத்துக்காட்டாக நிறுத்தும் மனிதரும் ஒருவரே, ஆபிரகாம். அவரைப் பற்றி இருவரும் மேற்கோள் காட்டும் வசனமும் ஆதியாகமம் 15:6 என்ற ஒன்றுதான். முரண்பாடே இல்லை என்று அவசரமாகக் கைகழுவுவோரும், முரண்பாட்டைத் தவிர வேறொன்றுமில்லை என்று புத்தகத்தை மூடிவைப்போரும் இந்த ஒற்றுமைகளைக் கூர்ந்து பார்ப்பதில்லை.

ஆபிரகாமின் கதையில் காலவரிசை முக்கியமானது. அவர் கர்த்தரை விசுவாசித்தார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது என்று 15ஆம் அதிகாரம் சொல்லும்போது அவர் இன்னும் விருத்தசேதனம் பெறவில்லை. இஸ்மவேல் பிறந்தபோது அவருக்கு வயது 86, விருத்தசேதனம் பெற்றபோது 99 என்று அடுத்த இரண்டு அதிகாரங்கள் கணக்குச் சொல்கின்றன. ஆகவே நீதிமானாக எண்ணப்பட்டதற்கும் சடங்கு நடந்ததற்கும் இடையில் குறைந்தது 13 ஆண்டுகள் கடந்துவிட்டன. பவுலின் வாதம் முழுவதும் இந்த இடைவெளியின்மீதுதான் நிற்கிறது: சடங்குக்கு முன்பே ஏற்கப்பட்டவரைச் சடங்கினால் ஏற்கப்பட்டவர் என்று எப்படிச் சொல்ல முடியும்? யாக்கோபு எடுத்துக்கொள்வது வேறொரு தருணத்தை. ஈசாக்கைப் பலிபீடத்தின்மேல் கிடத்திய நிகழ்ச்சி 22ஆம் அதிகாரத்தில், பல ஆண்டுகள் கழித்து வருகிறது. 15ஆம் அதிகாரத்தில் சொல்லப்பட்ட வார்த்தை அந்தச் செயலில் நிறைவேறிற்று என்பது அவர் வாதம். பவுல் கதையின் தொடக்கத்தைப் பார்க்கிறார். யாக்கோபு அந்தத் தொடக்கம் பொய்யில்லை என்று காட்டிய பிற்காலத்தைப் பார்க்கிறார்.

இதைவிட முக்கியமான வேறுபாடு விசுவாசம் என்ற சொல்லிலேயே இருக்கிறது. யாக்கோபு கண்டிக்கும் விசுவாசம் எது என்பதை அவரே விளக்குகிறார்: தேவன் ஒருவர் உண்டென்று நம்புகிறாய், நல்லதுதான், “பிசாசுகளும் விசுவாசித்து, நடுங்குகின்றன.” உடுக்கத் துணியும் அன்றன்றைய உணவும் இல்லாத சகோதரனைப் பார்த்து, சமாதானத்தோடே போ, குளிர்காய்ந்து பசியாறு என்று வாயால் வாழ்த்தி அனுப்பிவிடுகிறவனின் விசுவாசம் அது. ஒரு கூற்றை உண்மையென்று ஒப்புக்கொள்வதற்கும், ஒருவரை நம்பித் தன்னையே ஒப்படைப்பதற்கும் உள்ள தூரம் பெரிது. மருந்து நோயைத் தீர்க்கும் என்று ஒப்புக்கொண்டே அதை விழுங்காமல் இருப்பவன் முதல் வகையைச் சேர்ந்தவன். பவுல் பேசுவது இரண்டாம் வகையை; அதனால்தான் கலாத்தியருக்கு எழுதும்போது அவரே, உதவுவது “அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசமே” என்று எழுத முடிந்தது. அந்த ஒரு தொடரை யாக்கோபின் நிருபத்துக்குள் வைத்தாலும் இடறாது.

கிரியை என்ற சொல்லும் இரு இடங்களிலும் ஒரே பொருளில் வரவில்லை. யாக்கோபின் கிரியை என்பது பெரும்பாலும் இரக்கச் செயல். பவுலின் கிரியையோ ‘நியாயப்பிரமாணத்தின் கிரியைகள்’, அதாவது மோசேயின் சட்டத்தின் கிரியைகள், என்ற அடைமொழியோடு வருகிறது. அந்தத் தொடர் எதைக் குறிக்கிறது என்பது கடந்த அரை நூற்றாண்டில் ஆய்வாளர்களிடையே பெரிய விவாதமாகியிருக்கிறது. 1977இல் ஈ. பி. சாண்டர்ஸ் வெளியிட்ட ஆய்வு, பவுலின் காலத்து யூத சமயத்தைப் புண்ணியக் கணக்கு எழுதி மோட்சத்தைச் சம்பாதிக்கும் சமயமாகச் சித்திரிப்பது நியாயமல்ல என்று வாதிட்டது. யூதர்களும் தேவனுடைய கிருபையான தெரிந்தெடுப்பிலிருந்தே தொடங்கினார்கள், நியாயப்பிரமாணத்தைக் கைக்கொள்வது அந்த உடன்படிக்கைக்குள் நிலைத்திருப்பதற்கான வழி என்றார் அவர். அவரைத் தொடர்ந்த ஜேம்ஸ் டன், விருத்தசேதனம், உணவு விதிகள், ஓய்வுநாள் ஆகிய அடையாளங்களையே பவுல் முதன்மையாகக் கருதினார் என்று விளக்கினார். யூதர் யார், புறஜாதியார் யார் என்று எல்லைக்கோடு கிழித்தவை அவைதான். சாக்கடல் அருகே கண்டெடுக்கப்பட்ட பழைய யூதச் சுருள்களில் ஒன்றிலும் ‘நியாயப்பிரமாணத்தின் கிரியைகள்’ என்ற தொடர் எபிரேய வடிவில் கிடைத்திருக்கிறது. அங்கே அது தூய்மை, பலி போன்ற குறிப்பிட்ட விதிகளைப் பற்றிய பேச்சில் வருகிறது.

இந்தப் புதிய வாசிப்பு பல முடிச்சுகளை அவிழ்க்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டது என்று சொல்ல என்னால் முடியவில்லை. ரோமர் நான்காம் அதிகாரத்தில் பவுல், கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்று எண்ணப்படாமல் கடனென்று எண்ணப்படும் என்கிறார். கூலி, கடன் என்ற சொற்கள் எல்லை அடையாளத்தைப் பற்றியவை அல்ல, சம்பாத்தியத்தைப் பற்றியவை. எபேசியருக்கு எழுதிய நிருபத்திலோ நியாயப்பிரமாணம் என்ற அடைமொழிகூட இல்லை: “ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு இது கிரியைகளினால் உண்டானதல்ல.” பெருமைபாராட்டுதல் என்ற இந்தச் சொல்லில்தான் பவுலின் நரம்பு துடிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு அடுத்த வசனத்தையும் சேர்த்து வாசிப்பவர்கள் குறைவு. நற்கிரியைகளைச் செய்வதற்காகவே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று அது சொல்கிறது. கிரியைகளினால் அல்ல, ஆனால் கிரியைகளுக்காக.

மூன்றாவது சொல் ‘நீதிமானாக்கப்படுதல்’. கிரேக்க மூலத்தில் உள்ள வினைச்சொல்லுக்கு நீதிமன்ற வாடை உண்டு: வழக்கில் ஒருவரை நிரபராதி என்று தீர்ப்பதை அது குறிக்கும். லத்தீனுக்குப் போனபோது அதற்கு ஈடாக வந்த சொல்லை ‘நீதியுள்ளவனாக ஆக்குதல்’ என்று பிரித்துப் பார்க்க இடம் இருந்தது. திருச்சபைத் தந்தை அகுஸ்தீனும் அவருக்குப் பின் வந்த மேற்கத்திய இறையியலும் அப்படியே புரிந்துகொண்டார்கள். தீர்ப்பு ஒரு நொடியில் முடிந்துவிடும். ஆக்குதல் ஆயுள் முழுவதும் நடக்கும். சீர்திருத்தத் (புராட்டஸ்டண்ட்) திருச்சபைகளுக்கும் கத்தோலிக்கத் திருச்சபைக்கும் இடையிலான பிளவில் பெரும்பங்கு இந்த ஒரு வினைச்சொல்லின் இரு பொருள்களுக்கு நடுவே ஓடுகிறது. இதில் தமிழ் வாசகர் மட்டுமே ரசிக்கக்கூடிய ஒரு வேடிக்கை உண்டு. சீர்திருத்தச் சபைகள் வழிவழியாக வாசிக்கும் தமிழ் மொழிபெயர்ப்பில் ‘நீதிமானாக்கப்படுகிறான்’ என்று ‘ஆக்கு’ என்ற வினை இருக்கிறது. அது கத்தோலிக்க விளக்கத்துக்கு அருகில் நிற்கிறது. இன்று கத்தோலிக்க வழிபாட்டில் பயன்படும் 1995ஆம் ஆண்டின் பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியமோ ‘கடவுளுக்கு ஏற்புடையவர்’ என்ற தொடரைத் தேர்ந்தது. அது ஏற்கப்படுதல் என்ற சீர்திருத்த அழுத்தத்துக்கு நெருக்கமானது. ஒருவர் வாயில் மற்றவரின் சொல்.

வழக்கின் வரலாற்றுக்கு வருவோம். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாகியுஸ் என்ற துறவி, தேவன் கட்டளையிட்டதைச் செய்ய மனிதனுக்கு இயல்பாகவே ஆற்றல் உண்டு என்று கற்பித்தார். அவர் ஒழுக்கக்கேடர் அல்ல, ஒழுக்கத்தில் கண்டிப்பானவர்; கிருபையைச் சாக்காக வைத்துச் சோம்பியிருப்போரைக் கண்டு வெகுண்டவர். அவருக்கு எதிராக அகுஸ்தீன், மனித சித்தமே நோயுற்றிருக்கிறது, விரும்புவதற்கும்கூடக் கிருபை முந்தி வரவேண்டும் என்று எழுதினார். 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்களின் சங்கம் பெலாகியுஸின் கருத்தைத் தள்ளியது. மனிதன் முதல் அடியைத் தானே எடுத்து வைப்பான், பிறகு கிருபை துணைக்கு வரும் என்ற நடுவழியையும் 529இல் ஆரஞ்சு நகரச் சங்கம் மறுத்தது. ஆகவே மனிதன் தன் சொந்த முயற்சியால் இரட்சிப்பைச் சம்பாதிக்கலாம் என்ற கருத்து, பதினாறாம் நூற்றாண்டில் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மேற்கத்தியத் திருச்சபையால் மறுக்கப்பட்ட ஒன்று. கத்தோலிக்கர் கிரியையால் மோட்சம் என்று போதிக்கிறார்கள் என்று ஒற்றை வரியில் முடிப்போர் இதைக் கவனிக்கத் தவறுகிறார்கள்.

ஆனால் ஏட்டில் உள்ள போதனையும் மக்கள் வாழ்ந்த பக்தியும் ஒன்றாக இருக்கவில்லை. 1517 அக்டோபர் 31 தேதியிட்டு மார்ட்டின் லூத்தர் எழுதிய 95 கூற்றுகள் தாக்கியது இந்த இடைவெளியைத்தான். ரோமில் புனித பேதுரு பேராலயக் கட்டுமானத்துக்காகவும், மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்டின் கடன் தீர்வதற்காகவும் ஜெர்மனியில் பலன் சீட்டுகள் விற்கப்பட்டன. தமிழில் இவற்றைப் ‘பாவமன்னிப்புச் சீட்டு’ என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. கண்டிப்பாகப் பார்த்தால் அது பிழை. மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு இன்னும் அனுபவிக்கவேண்டிய தண்டனையைக் குறைப்பதாகவே அவை சொல்லப்பட்டன, குற்றத்தை மன்னிப்பதாக அல்ல. ஆனால் விற்றவர்களும் வாங்கியவர்களும் இந்த நுணுக்கத்தைப் பொருட்படுத்தவில்லை. பெட்டியில் காசு ஒலித்ததும் இறந்தோர் அந்தத் தண்டனையை அனுபவிக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்திலிருந்து ஆத்துமா பறந்துவிடும் என்ற பிரசங்கத்தை லூத்தர் தம் 27ஆம் கூற்றில் பெயர் குறிப்பிடாமல் கண்டித்தார்.

லூத்தரின் சொந்த நெருக்கடி சீட்டுகளைவிட ஆழமானது. எர்ஃபுர்ட் மடத்தில் துறவியாக இருந்தபோது அவர் நோன்பிலும் செபத்திலும் பாவசங்கீர்த்தனத்திலும் குறைவைக்கவில்லை. எவ்வளவு செய்தால் போதும் என்ற கேள்விக்குத்தான் விடை கிடைக்கவில்லை. சொந்த ஆத்துமாவைச் சோதித்துப் பார்க்கும் மனசாட்சிக்கு ‘போதும்’ என்ற எல்லை தென்படாது. ரோமர் நிருபத்தில் வரும் ‘தேவநீதி’ என்பது தேவன் நம்மைத் தண்டிக்கும் நீதி அல்ல, அவர் நமக்கு இலவசமாக அளிக்கும் நீதி என்ற புரிதல் அவருக்கு விடுதலையாக வந்தது. 1522இல் அவர் புதிய ஏற்பாட்டை ஜெர்மானிய மொழியில் வெளியிட்டபோது, ரோமர் 3:28இல் மூலத்தில் இல்லாத ‘மட்டுமே’ என்ற சொல்லைச் சேர்த்தார். எதிர்ப்பு எழுந்தது. 1530இல் அதற்குப் பதிலெழுதிய அவர், ஜெர்மானிய மொழியின் இயல்பும் பவுலின் கருத்தும் அந்தச் சொல்லைக் கேட்கின்றன என்று வாதிட்டார். விசுவாசம், மட்டும் என்ற இரு சொற்களும் சேர்ந்து வரும் ஒரே வேத வசனம் யாக்கோபு 2:24 என்பதும், அங்கே அவை மறுக்கப்படுவதற்காகவே வருகின்றன என்பதும் அவருக்கு எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும்! யாக்கோபின் நிருபத்தை ‘வைக்கோல் நிருபம்’ என்று அதே 1522 பதிப்பில் அவர் எழுதினார். எபிரெயர், யூதா, வெளிப்படுத்தல் ஆகியவற்றோடு அதையும் புத்தகத்தின் கடைசிக்குத் தள்ளிவைத்தார்.

என்றாலும் லூத்தர் கிரியை வேண்டாம் என்று சொன்னார் என்பது அவதூறு. அதே பதிப்பில் ரோமர் நிருபத்துக்கு அவர் எழுதிய முன்னுரையில், விசுவாசம் உயிருள்ள, சும்மா இருக்கத் தெரியாத ஒன்று, நெருப்பிலிருந்து வெப்பத்தையும் ஒளியையும் பிரிக்க முடியாததுபோல விசுவாசத்திலிருந்து கிரியையைப் பிரிக்க முடியாது என்கிறார். இரு நூற்றாண்டுகள் கழித்து, 1738 மே 24 அன்று லண்டனில், மெதடிஸ்ட் இயக்கத்தின் நிறுவனர் ஜான் வெஸ்லி தம் உள்ளம் விசித்திரமாக அனல்கொண்டதாக எழுதிய மாலையில், அங்கே வாசிக்கப்பட்டதும் இந்த முன்னுரைதான். மெதடிஸ்ட் இயக்கத்தின் ஒழுக்கக் கண்டிப்பையும் ஏழைகளுக்கான அதன் உழைப்பையும் அறிந்தவர்களுக்கு, ‘விசுவாசத்தினால் மட்டும்’ என்ற போதனை கையைக் கட்டிப்போடவில்லை என்பது புரியும். விசுவாசம் மட்டுமே நீதிமானாக்குகிறது, ஆனால் நீதிமானாக்கும் விசுவாசம் தனியாக இருப்பதில்லை என்று, லூத்தருக்கு அடுத்த தலைமுறைச் சீர்திருத்தவாதியான கால்வின் இதைச் சுருக்கிச் சொன்னார்.

சீர்திருத்தத்துக்குப் பதில் சொல்லக் கத்தோலிக்கத் திருச்சபை கூட்டி, 1545இல் தொடங்கிய திரெந்து சங்கம் 1547 ஜனவரி 13 அன்று தன் தீர்ப்பை வெளியிட்டது. அதன் 33 கண்டனங்களில் ஒன்பதாவது பலருக்குத் தெரியும்: விசுவாசத்தினால் மட்டுமே பாவி நீதிமானாகிறான், வேறெதன் ஒத்துழைப்பும் தேவையில்லை என்பவன் சபிக்கப்பட்டவன். முதல் கண்டனத்தை நினைவுகூர்பவர்கள் குறைவு: கிறிஸ்துவின் வழியாக வரும் தெய்வ கிருபை இல்லாமல் தன் சொந்தச் செயல்களால் மனிதன் நீதிமானாகலாம் என்பவனும் சபிக்கப்பட்டவனே. நீதிமானாக்கப்படுதலுக்கு முன்னால் வருகிற எதுவும், அது விசுவாசமாயினும் செயலாயினும், அந்தக் கிருபையைச் சம்பாதிப்பதில்லை என்றும் சங்கம் எழுதியது. அப்படியானால் சண்டை எங்கே? கிருபை வந்தபிறகு என்ன நடக்கிறது என்பதில். கிறிஸ்துவின் நீதி ஒரு போர்வைபோல வெளியிலிருந்து நம்மேல் எண்ணப்படுகிறது என்றது ஒரு தரப்பு. அந்த நீதி நமக்குள் ஊற்றப்பட்டு நம்மை மாற்றுகிறது, அதோடு ஒத்துழைத்து நாம் அதில் வளர்கிறோம், அந்த வளர்ச்சிக்குப் பேறும், அதாவது பலன்பெறும் தகுதியும், உண்டு என்றது மறுதரப்பு.

லூத்தரைப் பின்பற்றியவர்களுக்குள்ளேயே இது ஓயாத தகராறாக இருந்தது. இரட்சிப்புக்கு நற்கிரியைகள் அவசியம் என்று கியோர்க் மாயோர் சொல்ல, நற்கிரியைகள் இரட்சிப்புக்குக் கேடு என்று நிக்கோலாஸ் ஃபோன் ஆம்ஸ்டோர்ஃப் எதிர்க்கோஷம் எழுப்பினார். ஒரு பாதி உண்மையைக் கடைசிவரை இழுத்துக்கொண்டு போனால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு ஆம்ஸ்டோர்ஃப் நல்ல சான்று. 1577இல் உருவான லூத்தரன் இணக்க அறிக்கை இரு வாக்கியங்களையும் ஒதுக்கியது.

கிழக்கத்திய ஆர்த்தோடாக்ஸ் திருச்சபைகள் இந்தச் சண்டையைப் பெரும்பாலும் வெளியிலிருந்தே பார்த்தன. அவர்களுக்கு இரட்சிப்பு என்பது தீர்ப்பைவிடக் குணமாதலுக்கு ஒத்தது. மனிதன் தேவனோடு ஒன்றிச் சேர்ந்து உழைக்கும் நெடும்பயணம்.

கிறிஸ்தவத்துக்கு வெளியிலும் இந்தக் கேள்வி தானாகவே முளைத்திருக்கிறது. குரங்குக் குட்டி தாயை இறுகப் பிடித்துக்கொள்ளவேண்டும், பூனைக் குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும் என்று வடகலையாரும் தென்கலையாரும் சரணாகதியைப் பற்றி வாதிட்டதைத் தமிழ் வாசகருக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. ஜப்பானில் ஷின்ரான் (1173–1263) என்ற பௌத்தத் துறவி, தன் ஆற்றலை நம்பாமல் அமிதா புத்தரின் வாக்கையே நம்பவேண்டும் என்று போதித்தார். இஸ்லாத்தின் தொடக்க நூற்றாண்டுகளில் பெரும்பாவம் செய்தவன் ஈமானை (இறைநம்பிக்கையை) இழந்துவிடுகிறான் என்று காரிஜியரும், செயல் ஈமானின் பகுதியல்ல என்று முர்ஜியரும் மோதிக்கொண்டார்கள். இறைவனின் தயையையும் மனிதனின் பொறுப்பையும் ஒருங்கே விடாமல் பிடிக்க முயலும் எந்தச் சமயத்துக்கும் இது வந்தே தீரும் போலிருக்கிறது.

இயேசுவின் உவமைகளுக்கும் வாழ்க்கை நிகழ்ச்சிகளுக்கும் திரும்பினால், இரு தரப்புக்கும் ஆதாரம் கிடைக்கிறது. சிலுவையில் பக்கத்தில் தொங்கிய கள்வனுக்கு ஞானஸ்நானம் பெறவோ, திருடியதைத் திருப்பிக் கொடுக்கவோ, ஒரு ஏழைக்கு உதவவோ நேரமில்லை. “இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்” என்ற வாக்கு அவனுக்குக் கிடைத்தது. மத்தேயு 25ஆம் அதிகாரத்தின் இறுதித் தீர்ப்புக் காட்சியிலோ, செம்மறியாடுகளையும் வெள்ளாடுகளையும் பிரிக்கும் அளவுகோல் பசித்தவனுக்குச் சோறு, தாகமுள்ளவனுக்குத் தண்ணீர், சிறையில் இருப்பவனைப் பார்க்கப் போனது ஆகியவை. அங்கே விசுவாச அறிக்கை எதுவும் கேட்கப்படவில்லை. ஆனால் அந்தக் காட்சியில் எனக்கு மிக வியப்பாகப் படுவது நீதிமான்களின் பதில்: ஆண்டவரே, நாங்கள் எப்பொழுது உம்மைப் பசியுள்ளவராகக் கண்டோம்? அவர்கள் கணக்கு வைத்திருக்கவில்லை. அவர்களுடைய செயல்கள் எண்ணப்படுகின்றன, எண்ணியவர்கள் அவர்கள் அல்லர். கிரியைகளைப் பற்றிய பவுலின் எச்சரிக்கையும் இந்த உவமையும் சந்திக்கும் இடம் இதுவாக இருக்கலாம்.

1999 அக்டோபர் 31 அன்று, லூத்தர் தம் கூற்றுகளை எழுதிய அதே நாளில், ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டன. கிருபையினால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தில், நம்முடைய எந்தப் பேறும் காரணமாக இல்லாமல் நாம் ஏற்கப்படுகிறோம், நற்கிரியைகளுக்கு ஆயத்தமாக்கப்படுகிறோம் என்று இருவரும் சேர்ந்து அறிக்கையிட்டார்கள். அந்த மையப் பத்தியில் ‘மட்டுமே’ கிருபைக்குத்தான் அடைமொழி, விசுவாசத்துக்கு அல்ல. இணைப்பாகச் சேர்க்கப்பட்ட ஆவணத்தில்தான் ‘விசுவாசத்தினால் மட்டும்’ இடம்பெற்றது. ஜெர்மனியின் சீர்திருத்த இறையியல் பேராசிரியர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் இது போதாது என்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். எதிர்ப்பில் நியாயமும் இருந்தது: அடுத்த ஆண்டு ரோமில் யூபிலி என்ற புனித ஆண்டு கொண்டாடப்பட்டபோது, லூத்தர் தாக்கிய சீட்டுகள் தந்ததைப் போன்ற தண்டனைக் குறைப்புப் பலன்கள் வழக்கம்போல அறிவிக்கப்பட்டன. ஆயினும் 2006இல் மெதடிஸ்ட் உலகப் பேரவையும் 2017இல் கால்வின் வழிவந்த சீர்திருத்தச் சபைகளின் உலக ஐக்கியமும் அந்தப் பிரகடனத்தோடு இணைந்தன.

இன்னும் முழுதாகத் தீராமல் இருப்பது நிச்சயத்தைப் பற்றிய கேள்வி: நான் இரட்சிக்கப்பட்டேன் என்று இப்போதே அறிய முடியுமா? லூத்தருக்கு இந்த நிச்சயம் விசுவாசத்தின் உயிர்மூச்சு. திரெந்து சங்கமோ, கிறிஸ்துவின் இரக்கத்தைச் சந்தேகிக்கக்கூடாது, ஆனால் தன் பலவீனத்தை அறிந்தவன் தன் நிலையைப் பற்றி அஞ்சுவதும் இயல்பே என்றது. விசித்திரம் என்னவென்றால், நடைமுறையில் இரு தரப்பும் எதிரெதிர்த் திசையில் நகர்ந்தன. கால்வினுக்குப் பின் வந்த சீர்திருத்தச் சபையார், நான் இரட்சிப்புக்காகத் தேவனால் தெரிந்துகொள்ளப்பட்டவன்தானா என்ற ஐயத்தால் வாட்டப்பட்டு, தங்கள் நடத்தையில் அதற்கு அடையாளம் தேடத் தொடங்கினார்கள். அவர்களுடைய 1646இன் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை நற்கிரியைகளை உயிருள்ள விசுவாசத்தின் கனிகள் என்றும் சான்றுகள் என்றும் சொல்லி, அவை விசுவாசியின் நிச்சயத்தைப் பலப்படுத்துகின்றன என்றது. கத்தோலிக்கத் தரப்பிலோ, சீர்திருத்தவாதிகளுக்கு எதிராக அந்தக் காலத்தின் மிகக் கூர்மையான வாதங்களை எழுதியவரும், நற்செயல்களுக்குப் பேறு உண்டு என்று பக்கம் பக்கமாக நிறுவியவருமான கர்தினால் ராபர்ட் பெல்லார்மின் (1542–1621), அதே விவாதத்தின் நடுவில் நின்று, நம்முடைய சொந்த நீதி நிச்சயமற்றது, அதில் வீண்பெருமையின் ஆபத்தும் உண்டு, ஆகவே தேவனுடைய இரக்கத்தின்மீது மட்டுமே முழு நம்பிக்கையையும் வைப்பதே மிகவும் பாதுகாப்பானது என்று எழுதிவைத்தார்.